வேறு காயம் இல்லை

அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வரவில்லை. வினோதாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அட்டைக்கடி ஒரு சேதியே இல்லை. காலில் சவர்க்காரத்தை அப்பிக்கொண்டு போனாலும் நாலைந்து ஏறத்தான் செய்யும். வயிறு முட்டக் குடித்துவிட்டு அது உதிர்ந்த பிறகும் கடிவாய் லேசில் மூடாது. நெடுநேரம் கசிந்து பாவாடை விளிம்பையெல்லாம் கறையாக்கிவிட்டுத்தான் ஓயும். அன்று காலையில் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது கணுக்காலில் ஒன்று விரல் தடிமனுக்கு ஊதித் தொங்கியது. உப்பைத் தூவினாள், சுருண்டு விழுந்தது. பழைய துணி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. குனிந்து பார்த்தால் கடிவாயையே காணோம். எந்த அட்டையும் எந்தக் காலத்திலும் தொடாத தோல் மாதிரி அந்த இடம் மழமழவென்று இருந்தது.

மருந்தின் வேலை என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் அந்த மருந்து எப்போதோ உடம்பைவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

அந்த மருந்தைப் பழித்துப் பேச அவளுக்கு வாய் வராது. மகன் மதுரனை வயிற்றைக் கிழித்து எடுத்த காயம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. தைத்தார்கள், பிரிந்தது. மறுபடி தைத்தார்கள், சீழ் வைத்தது. பிள்ளையைத் தூக்கினால் தையல் விட்டுவிடும் என்று சொல்லியிருந்ததால், அவன் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுவாள். அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு மருத்துவக் குழு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தது. தூசியைவிடச் சிறிய, கண்ணுக்கே தெரியாத துணுக்குகள் இந்த ஊசி மருந்தில் இருக்கின்றன, இரத்தத்தோடு போய்ப் பிளந்த சதையைத் தேடிப் பிடித்து இரண்டு ஓரத்தையும் இழுத்து ஒட்டிவிடும் என்று பெரிய டாக்டர் சிங்களத்தில் சொல்ல, கூட வந்த கிஷாந்த் அதைத் தமிழில் சொன்னான். வட்டகொடைப் பக்கம் லயத்தில் பிறந்து படித்து மேலே போனவன், பணிவாகப் பேசினான். ஒரு கொத்தனார் கூட்டம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னான். வேலை இருக்கும் வரைக்கும் அதுகள் சாகாது, ஆள் போதாவிட்டால் தம்மைப் போலவே இன்னும் செய்துகொள்ளும், வேலை முடிந்ததும் செத்து மூத்திரத்தோடு போய்விடும். அதனால்தான் ஒரு கேள்வியை அவன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"வேற எங்கயாச்சும் காயம் இருக்காக்கா? சின்னதா இருந்தாலும் சொல்லிருங்க."

"வேற காயம் ஒண்ணும் இல்ல தம்பி," என்றாள் வினோதா.

அடுத்த வாரமே வயிறு மூடிக்கொண்டது. வடுகூட இல்லை. பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் வீரம்மாவுக்குச் சீனி வியாதியில் கால் அழுகிக்கொண்டிருந்தது. பாதத்தை எடுத்துவிட வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். அதே ஊசியில் அந்தப் பாதமும் தேறியது. வீரம்மா இறம்பொடை அனுமார் கோயில் படியேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து லயம் முழுக்கக் குங்குமம் கொடுத்தாள். வினோதா பிள்ளையைத் தூக்கினாள், மடியில் போட்டுப் பால் கொடுத்தாள், கூடையை மாட்டிக்கொண்டு பேர் கொடுக்கப் பெரட்டுக்கும் போனாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து வெடித்திருந்த விரல்கள்கூட மெத்தென்று ஆகிவிட்டன. தொரசாணி கை மாதிரி இருக்கிறது, இனி பங்களாவில் போய்க் குடியிரு என்று புருஷன் கஜேந்திரன் கேலி செய்தான். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது லயத்தில் சத்தமே இல்லை. ஒரு வாரமாக விடாத மழை, மலையில் வேலை கிடையாது. மேலே மண் வெடித்திருக்கிறது என்று முந்தாநாள் கிராம சேவகர் வந்து சொன்னதும் எல்லோரும் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மதுரனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். சிமெண்ட் தரையில் அவனைப் போட மனமில்லாமல், லொறியோடு கண்டிக்குப் போன கஜேந்திரன் சாயந்தரம் வந்ததும் கிளம்புகிறேன் என்று வினோதா பின்தங்கினாள். வீரம்மா உடம்பு முடியவில்லை என்று எழுந்திருக்கவே இல்லை. அன்று சாயந்தரம் கஜேந்திரன் வருவதற்கு முன்னால் மண் வந்துவிட்டது. கீழே போகிற ஒற்றைப் பாதையை அது அள்ளிக்கொண்டு போனது. கரண்ட் இல்லை. போன் செத்துக் கிடந்தது. காம்பரா வாசலில் நின்றால் இஸ்தோப்புத் திண்ணைக்கு அப்பால் பனிமூட்டம்தான். பக்கத்துத் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை.

முகம் கழுவும்போது காதில் கை பட்டது. தோட்டைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. ரசம் போன கண்ணாடியைக் கதவு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தோட்டின் கல் பாதி உள்ளே போயிருந்தது. சுற்றிலும் இருந்து தோல் அதன்மேல் ஏறி வந்து, அரைத் தூக்கத்தில் இருக்கிற கண் மாதிரி அதை மூடிக்கொண்டிருந்தது. அடுத்த காதில் கல்லே தெரியவில்லை. வெறும் மேடு.

அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் நூறு ஆயுசு சொல்வார்கள். வீரம்மாவின் இருமலும் வெற்றிலை இடிக்கிற சத்தமும் வினோதாவுக்கு மனப்பாடம். இது அது இல்லை. ம்... ம்... என்று, யாரோ யோசித்துக்கொண்டே ஆமோதிப்பது போல. கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி ம்... இந்த முறை நீளமாக, மேலே ஏறி, உடைந்து. பிறகு சுவரில் உள்ளங்கையால் தட்டுகிற ஓசை.

"வீரம்மாக்கா?" என்று கூப்பிட்டாள். தட்டுவது வேகமாயிற்று.

பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் இஸ்தோப்பு வழியாக அடுத்த வாசலுக்குப் போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஈரச் சாக்கு வாடை, அணைந்த அடுப்பின் சாம்பல் வாடை, அவற்றுக்கடியில் இனிப்பாக இன்னொரு வாடை, மருந்து வாடையும் இல்லை, உடம்பு வாடையும் இல்லை. வீரம்மா கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் அவளைப் பார்த்தது. மற்றக் கண் இருந்த இடத்தில் இமையும் இல்லை, மயிரும் இல்லை. மூக்குக்குக் கீழே தோல் நேராக இறங்கி முகவாய்க்குப் போனது. வாய் இருந்த இடத்தில் நகத்தால் கீறிய மாதிரி ஒரு கோடு மட்டும் இருந்தது; வினோதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடும் மங்கிற்று.

வீரம்மா கையைத் தூக்கினாள். விரல்கள் பிரியவில்லை, அகப்பை போல ஒரே துண்டு. அதைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். தூங்கினேன் என்றாள் அந்தச் சைகையில். பிறகு வாயைக் காட்டினாள். மறுபடியும் கன்னத்தில் கை, மறுபடியும் வாய். பிறகு வினோதாவைக் காட்டி, தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள்.

தூங்காதே.

வினோதா ஓடி வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். எதற்குத் தாழ்ப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வரவேண்டியது ஏற்கனவே வந்து அவள் தோலுக்கடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

கிஷாந்த் கேட்ட கேள்வி அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வேறு காயம் இல்லை என்று அவள் பொய் சொல்லவில்லை. விரல் நுனிகளில் கொழுந்து ஒடித்த வெடிப்பு, நெற்றியில் கூடைக்கயிறு அறுத்த தடம், கால் முழுக்க அட்டைக்கடி, சுண்ணாம்பு பட்டு வெந்த கடைவாய், முழங்கையில் தேயிலை வாது கீறிய கோடுகள், இதையெல்லாம் தோட்டத்தில் யார் காயம் என்பார்கள்? ஆஸ்பத்திரியில் காட்டுவதுதான் காயம். மற்றது வேலை. டாக்டருக்கு அது தெரியாது. லயத்தில் பிறந்த கிஷாந்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனும் அந்தக் கைகளைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால்தானோ என்னவோ அவன் கண்ணுக்கும் அது படவில்லை. தினமும் புதிதாகக் கிழிகிற உடம்பில் அந்தக் கொத்தனார்களுக்கு ஒரு நாளும் வேலை முடியவில்லை. ஆள் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். இந்த ஒரு வாரமாகக் கூடை தூக்கவில்லை, கொழுந்து ஒடிக்கவில்லை, புதிதாக ஒரு கீறல் இல்லை. இத்தனை கூட்டத்துக்கும் இப்போது வேலை வேண்டும். எங்கெல்லாம் இரண்டு ஓரம் பிரிந்திருக்கிறதோ அதெல்லாம் அவர்களுக்குக் காயம். மாரியம்மன் கோயில் பண்டாரம் பாட்டுக்கு அர்த்தம் சொல்லும்போது காயம் என்றால் உடம்பு என்பார். அந்தத் துணுக்குகளுக்கும் அப்படித்தான் பாடம் போலிருக்கிறது.

அசையாமல் இருக்கிறது ஒட்டும். அசைந்துகொண்டே இருந்தால் ஒட்டாது. வீரம்மா சொன்னது அதைத்தான். வினோதா பழைய சேலையைக் கிழித்து விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள். வலது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் அதற்குள் பாதி சேர்ந்துவிட்டிருந்தன. பிளேடால் கீறினாள். வலித்தது, இரத்தம் தலைகாட்டிற்று, அவள் துணியை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது. முன்னைவிட இன்னும் ஒரு கணு மேலே. கீறினால் அவர்களுக்கு இன்னும் கொண்டாட்டம். பிளேடைத் தூக்கி அடுப்புக்குள் போட்டாள்.

வெற்றிலையை வாயில் போட்டு மென்றாள். துப்பினாள், மென்றாள். கண்ணை இமைத்துக்கொண்டே இருந்தாள். கஜேந்திரன் எப்படியும் வருவான். மண்ணை வெட்டிக்கொண்டாவது வருவான். அதுவரைக்கும் விழித்திருந்தால் போதும். ஆனால் நேற்று இரவும் அதற்கு முந்தின இரவும் பிள்ளையின் காய்ச்சலோடு விழித்தவள் அவள். எத்தனை முறை இமைத்தாலும் இமைக்குப் பின்னால் தூக்கம் மணல் மாதிரி கிடந்தது.

மதுரன் எழுந்து அழுதான்.

அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். அவன் கீழ் ஈறு வெடித்து, அதில் வெள்ளையாக ஒரு புள்ளி. வடிகிற எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம். பிளந்த சதை. அவள் மார்க்காம்பிலும் அவன் கடித்த வெடிப்பு இருந்தது, இரண்டு நாளாக அது மட்டும் ஆறவில்லை. ஏன் ஆறவில்லை என்று இப்போது தெரிந்தது. அவன் ஓயாமல் சப்பிக்கொண்டே இருந்ததால்தான்.

இனி இவனைத் தொடக்கூடாது என்று நினைத்தாள். தூக்க முடியாமல் கிடந்த நாட்களுக்குப் பிறகு கைக்கு வந்த பிள்ளை.

சீனித் தண்ணீரைக் கரண்டியில் ஊட்டினாள். துப்பினான். தேத்தண்ணியில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுத்தாள். ஓங்கரித்தான். பல் வலிக்கிற பிள்ளைக்கு வேறு எதுவும் வேண்டாம், மார் மட்டும்தான் வேண்டும் என்று எந்தத் தாய்க்கும் தெரியும். தொட்டில் கயிற்றைத் தூரத்திலிருந்து இழுத்து ஆட்டினாள். அவன் அழுதான். மத்தியானம் போனது. பனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து தரையோடு படர்ந்தது. அவன் அழுகை கம்மிற்று, அழுகையாக இல்லாமல் முனகலாக ஆனது, காய்ச்சலில் உதடு வறண்டு ஒட்டியது. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து இடையிடையே வந்துகொண்டிருந்த ம்... எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. கவனித்தபோது அங்கே மூச்சுச் சத்தமும் இல்லை.

வீரம்மாவுக்கு மூக்கும் மூடியிருக்கும்.

அதை நினைத்து அழக்கூட அவளுக்கு நேரம் இல்லை. பிள்ளையின் உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவான்?

நடந்துகொண்டே கொடுக்கலாம் என்று தோன்றியது. அதுதான் வழி. நிற்காமல் நடக்க வேண்டும், அவனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஓர் இடத்தில் ஓயவிடக் கூடாது. கஜேந்திரன் வந்ததும் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதானே.

அவள் அவனைத் தூக்கினாள். அவன் முகத்தைத் திருப்பித் தேடிப் பிடித்துக்கொண்டான். பால் இறங்கியது. உடம்பெல்லாம் தளர்ந்து, இவ்வளவு நேரம் இதைச் செய்யாமல் இருந்ததே பாவம் என்று அவளுக்குப் பட்டது. கதவிலிருந்து அடுப்புக்கு நடந்தாள், அடுப்பிலிருந்து கதவுக்கு. வாயை ஓயவிடாமல் அவனோடு பேசினாள். பல் முளைத்ததும் முறுக்கு வாங்கித் தருகிறேன், மலை யாத்திரைக்கு நல்லதண்ணிக்குக் கூட்டிப் போகிறேன், அங்கே சீசன் கடைகளில் பீப்பீ வாங்கித் தருகிறேன் என்றாள். சிறிது நேரத்துக்கொருமுறை இடது சுண்டுவிரலை அவன் கடைவாயில் விட்டு எடுத்து மறுபக்கம் மாற்றினாள். வந்தான். ஒவ்வொரு தடவையும் வந்தான். உதட்டில் கொஞ்சம் ஒட்டல், பிசின் மாதிரி. ஆனால் வந்தான்.

நடந்து நடந்து கால் கடுத்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆடினாள். முன்னும் பின்னும். ஆடிக்கொண்டிருந்தால் போதும்.

"தூங்கிறாத புள்ள," என்று தனக்கே சொன்னாள். "தூங்கிறாத."

அவன் சூடு. பால் இறங்குகிற கிறக்கம். தகரத்தில் மழை. முன்னும் பின்னும். முன்னும்.

மழை நின்றிருந்தது. அதுதான் முதலில் தெரிந்தது. தகரம் சும்மா இருந்தது. பிறகு பிள்ளையின் மூச்சு தெரிந்தது, சீராக, சூடாக. காய்ச்சல் இல்லை. அவள் மார்மேல் முகத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஒரு கணம். ஒரே ஒரு கணம்.

அப்பாடா என்று சொல்ல வாய் வரவில்லை.

நாக்கு உள்ளே புரண்டது. பல்லில் இடித்தது. அதற்கு அப்பால் வழி இல்லை.

ஒரு கண்ணால்தான் பார்க்கிறாள் என்பதும் தெரிந்தது.

வெளியே மண்வெட்டிச் சத்தம். ஆள் குரல்கள். கஜேந்திரனின் குரல், கூப்பிட்டுக்கொண்டே நெருங்கியது. வினோதா, வினோதா. கதவு குலுங்கிற்று. தாழ்ப்பாள் தாங்கியது.

பிள்ளையை எடுக்க வேண்டும். அவன் கையில் கொடுக்க வேண்டும். அதற்காகத்தானே.

துணி சுற்றிய இடது சுண்டுவிரலை அவன் கடைவாயில் வைத்தாள். எல்லாத் தாயும் செய்வதுதான். ஓரத்தில் மெதுவாக விட்டால் பிடி விட்டுவிடும். விரல் கன்னத்தில் வழுக்கியது. மறுபடி வைத்தாள். ஓரத்தைத் தேடினாள். மேலே. கீழே. சுற்றி.

ஓரம் இல்லை. அவன் கன்னம் எங்கே முடிகிறது, அவள் மார் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. ஒரே தோல். வழவழப்பாக. வடுகூட இல்லாமல்.

"கதவத் தொறம்மா," என்றான் கஜேந்திரன் வெளியிலிருந்து. "புள்ள சத்தத்தையே காணோம்."

ஆட்டம் பட்டதில் மதுரன் கண்ணைத் திறந்தான். அண்ணாந்து அவளைப் பார்த்தான். புருவம் சுருங்கிற்று, நெற்றி சிவந்தது, முஷ்டி இறுகிற்று. அவன் அழத் தொடங்கினான். காம்பராவில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அந்த அழுகை முழுவதும் அவள் நெஞ்சுக்கூட்டுக்குள்ளே இறங்கி, அங்கிருந்து வெளியேற இடம் தேடியது.